நாலாவது ஜோடிதான் கையில் நின்றது: காம்பாக்ட் 1911 கிரிப் மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1911 ரகக் கைத்துப்பாக்கி, ‘ஆபீசர்ஸ்’ என்கிற குட்டை அளவில். 3.5 அங்குல பேரல் (குழல்), அலுமினிய ஃபிரேம் (உடல்), 9 மி.மீ. ரவுண்டு (தோட்டா). இரண்டரை வருடமாக வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 4,000 ரவுண்டு சுட்டாயிற்று. அதற்குள் இதற்கு நாலு ஜோடி கிரிப், அதாவது பிடியின் இரண்டு பக்கமும் திருகும் பேனல், வாங்கிவிட்டேன். ஒன்று பொருந்தவே இல்லை. ஒன்று தோலை உரித்தது. ஒன்று பார்க்க லட்சணமாக இருந்துகொண்டே வேறு வம்பை இழுத்துவிட்டது. நாலாவது இப்போது துப்பாக்கியில் இருக்கிறது.

துப்பாக்கியோடு கூட வந்தது ரோஸ்வுட் பேனல். இரண்டு ஸ்க்ரூவைச் சுற்றியும் டயமண்ட் வடிவில் செதுக்காமல் விட்ட பழைய டிசைன், அதன்மேல் கண்ணாடி மாதிரி மெருகு. முதல் ராணுவ 1911-ல் இருந்த வால்நட் பேனலின் வடிவம் இது. ஸ்க்ரூ துளையைச் சுற்றி மரம் கனமாக இருந்தால் விரிசல் விடாது என்பதற்காக வைத்தது. பார்க்கக் கொள்ளை அழகு. கை வியர்த்தால் மட்டும் சோப்பைப் பிடித்த கதைதான். அஞ்சு ரவுண்டுக்கு ஒருமுறை பிடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

முழு அளவு 1911-ல் இந்த வழுக்கல் இவ்வளவு தெரியாது. அங்கே ட்ரிக்கர் கார்டுக்குக் கீழே மூன்று விரலும் நிம்மதியாக உட்காரும். ஆபீசர்ஸ் அளவில் சுண்டுவிரலுக்குப் பாதி இடம்தான், மீதி, ரவுண்டு அடுக்கும் மேகசினின் அடித்தட்டில் தொங்கும். ஆக, இரண்டரை விரலும் உள்ளங்கையும் சேர்ந்துதான் உதையைத் தாங்கியாக வேண்டும். இருக்கிற கொஞ்ச இடத்தில் பேனல் எப்படி இருக்கிறது என்பதுதான் காம்பாக்ட் பிஸ்டலில் எல்லாமே. பெரிய துப்பாக்கிக்குக் கிரிப் ஓர் அலங்காரமாகக்கூட இருந்துவிட்டுப் போகலாம், இதற்கு முடியாது.

முதல் ஜோடியில் ஏமாந்தது முழுக்க என் தப்பு. ‘கமாண்டர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, கமாண்டர் என்றாலே குட்டைதானே என்று ஆர்டர் போட்டேன். 1950 வாக்கில் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த கமாண்டரில் குட்டையானது ஸ்லைடும் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) பேரலும்தான், 5 அங்குலத்திலிருந்து 4.25-க்கு. பிடி முழு அளவிலேயே இருந்தது. பிடியையும் சேர்த்துக் குறைத்தது 1985-ல் வந்த ஆபீசர்ஸ் மாடலில்தான். போதாக்குறைக்குக் கமாண்டர் ஸ்லைடை ஆபீசர்ஸ் ஃபிரேமில் ஏற்றிய கலப்பு ரகமும் உண்டு. அதனால் மாடல் பெயரை நம்பாதீர்கள், ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். இரண்டு ஸ்க்ரூவின் நடுமையத்துக்கு இடையே சுமார் 78 மி.மீ. இருந்தால் முழு அளவு, சுமார் 68 மி.மீ. இருந்தால் ஆபீசர்ஸ். எனக்கு வந்தது 78. மேல் துளை சரியாக உட்கார்ந்தது, கீழ்த்துளை வெறும் உலோகத்தைப் பார்த்து முழித்தது. திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது ஜோடி ஜி10. கண்ணாடி இழைத் துணியை அடுக்கி எபாக்ஸியில் இறுக்கிய பொருள். தண்ணீர், எண்ணெய் எதுவும் ஒன்றும் செய்யாது, மரம் மாதிரி உப்பவும் உப்பாது. அதில் இருப்பதிலேயே சொரசொரப்பான ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாட்டிய அன்று சந்தோஷத்துக்கு அளவில்லை. துப்பாக்கி கையில் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றது, இரண்டாவது ரவுண்டு முதல் ரவுண்டின் பக்கத்திலேயே விழுந்தது. 150 ரவுண்டு தாண்டியபோது கட்டைவிரலின் அடிச்சதையில் எரிச்சல். 200-ல் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. காய்ப்புக் காய்த்துவிடும் என்று நண்பர் ஒருவர் தேற்றினார். காய்த்தது, ஆனால் இடுப்பில் உறைக்குள் வைத்தபோது சட்டையின் உள்பக்கம் எல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. சட்டைக்குக் காய்ப்புக் காய்க்காதே! சுடப் பழகும் ரேஞ்சுக்கு மட்டும் போய்வரும் துப்பாக்கி என்றால் இந்த ரகம் பரவாயில்லை. உடம்போடு ஒட்டி வைத்திருப்பவர்கள் ஒரு படி குறைந்த சொரசொரப்புக்குப் போய்விடலாம்.

அந்த ஜோடி முதலில் உட்காரவும் மறுத்தது. என் துப்பாக்கியில் இரண்டு பக்கமும் சேஃப்டி லீவர் (சுடாமல் பூட்டும் விசை) உண்டு. வலப்பக்க லீவரின் வால் பேனலுக்கு அடியில் நுழைந்து நிற்கும், பேனல்தான் அதை விழாமல் பிடித்திருக்கிறது. அதற்கான பள்ளம் இந்தப் பேனலில் இல்லை. எவ்வளவு தோண்டுவது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மனைவியின் லிப்ஸ்டிக்கைக் கேட்டு வாங்கி (எதற்கு என்று சொல்லாமல்தான்) லீவரின் வாலில் லேசாகத் தடவினேன். பேனலை வைத்து அழுத்தி எடுத்தால், உள்பக்கம் பிறைநிலா மாதிரி ஒரு சிவப்புக் கறை. அந்தக் கறையை மட்டும் சின்ன அரத்தால் ராவினேன். மறுபடி தடவி, அழுத்தி, ராவி, ஏழெட்டுத் தடவை. லீவர் மேலும் கீழும் ‘டக் டக்’ என்று தடையில்லாமல் போனதும் நிறுத்திவிட்டேன். ஜி10 தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, பேனலை நனைத்து, ஈர உப்புத்தாளில்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் அறை முழுக்கக் கண்ணாடித் தூள்தான்.

எந்த வேலைக்கும் முன்னால் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, ரவுண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிடுவேன். ரவுண்டுகள் அந்த மேஜையில் இருக்காது, அந்த அறையிலேயே இருக்காது.

இனி புஷ்ஷிங் கதை. 1911-ல் கிரிப் ஸ்க்ரூ நேராக ஃபிரேமுக்குள் போவதில்லை. ஃபிரேமில் பக்கத்துக்கு இரண்டாக நாலு சின்ன உலோகக் குமிழ்கள் திருகியிருக்கும், ஸ்க்ரூ அதற்குள்தான் இறங்கும். அந்தக் குமிழ்தான் புஷ்ஷிங். ரோஸ்வுட்டை முதன்முதலில் கழற்றியபோது மூன்று ஸ்க்ரூ சாதாரணமாக வந்தன. நாலாவது, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ‘கிறீச்’ என்று சுழன்றது. சரி இளகிவிட்டது என்று பார்த்தால், ஸ்க்ரூவோடு புஷ்ஷிங்கும் கழன்று கையில் வந்துவிட்டது. ஃபிரேமின் துளையோரம் காய்ந்த த்ரெட் லாக்கர் (புரி இளகாமல் பிடிக்கும் பசை) செதில் செதிலாக. ஸ்க்ரூவை விட்டுவிட்டு புஷ்ஷிங்கை மட்டும் ஒட்ட வேண்டிய இடத்தில், இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

பிரிப்பது எளிது. புஷ்ஷிங்கைத் துணி சுற்றிக் குறட்டில் பிடித்து, ஸ்க்ரூ தலையில் சூடான சால்டரிங் அயர்னை ஒரு நிமிடம் வைத்தால் லாக்கர் இளகிவிடும். திரும்பப் போடுவதில்தான் பயம். புஷ்ஷிங்கின் புரி மிகப் பொடி, ஓர் அங்குலத்துக்கு 60 சுற்று. ஃபிரேமோ அலுமினியம். கோணலாக ஏறினால் ஃபிரேமின் புரி போயிற்று, அதோடு துப்பாக்கியைப் பட்டறைக்குத் தூக்க வேண்டியதுதான். நான் செய்தது: துளையை ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கினேன். புஷ்ஷிங்கை வைத்து விரலாலேயே முதலில் எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஒரு கட்டத்தில் மெல்ல ‘டிக்’ என்று விழுந்தது. புரி புரியோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து முன்பக்கம். கட்டாயப்படுத்தாமல் விரலுக்கே இறங்க வேண்டும், இறங்கியது. பிறகு வெளியே எடுத்து, நீல நிற லாக்கர் குண்டூசி முனை அளவு தடவி, அதற்கென்று விற்கிற பற்கள் வைத்த திருப்புளியால் இறுக்கினேன். சிவப்பு லாக்கர் வேண்டாம், அது நிரந்தரத்துக்கு. ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள்தான் ஸ்க்ரூவைப் போட்டேன். அவசரப்பட்டால் ஈர லாக்கர் ஸ்க்ரூவிலும் ஏறி, பழைய கதையே திரும்பும்.

மூன்றாவது, ஒல்லி பேனல். எனக்குக் கை சின்னது. ட்ரிக்கரை விரல் நுனியால்தான் எட்டுகிறேன், பேனல் ஒல்லியானால் எட்டும் என்று நினைத்தேன். ஒல்லி பேனலுக்குக் குட்டைப் புஷ்ஷிங்கும் குட்டை ஸ்க்ரூவும் வேண்டும், கூடவே வந்தன. மாட்டினேன். துப்பாக்கி கையில் ஒரு புத்தகம் மாதிரித் தட்டையாக நின்றது, சட்டைக்கடியில் இருப்பதே தெரியவில்லை.

முதல் ரேஞ்ச் நாளில் மேகசின் தானாக விழவில்லை. பட்டனை அழுத்தினால் பாதி இறங்கித் தொங்கியது. இழுத்தெடுத்துப் பார்த்தால் அதன் வயிற்றில் நேர்க்கோடாக ஒரு கீறல். பழைய நீள ஸ்க்ரூ ஒன்று குட்டை ஸ்க்ரூக்களோடு கலந்துபோய் வலப்பக்கம் கீழே ஏறியிருந்தது. அதன் முனை மேகசின் போகும் வழியில் அரை மி.மீ. போல நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பழைய ஸ்க்ரூக்களைத் தனி டப்பாவில் பெயர் எழுதி வைக்கிறேன். கிரிப் மாற்றியதும் காலி மேகசினைப் போட்டுப் பட்டன் அழுத்தி, அது தன் எடையிலேயே விழுகிறதா என்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

உண்மையான வம்பு அது இல்லை. ஃபிரேமின் இடப்பக்கம், சேஃப்டி லீவருக்கும் ஸ்லைடு ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் படுத்திருக்கும், பிளஞ்சர் ட்யூப் என்பார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. சேஃப்டி மேலேயோ கீழேயோ ‘டக்’ என்று நிற்பது அந்த ஊசியின் அழுத்தத்தால்தான். குழாயை ஃபிரேமில் இரண்டு கால்களை உள்ளிருந்து அடித்து விரித்து நிறுத்தியிருக்கிறார்கள். நாளடைவில் அது தளர்ந்தாலும் இடப்பக்கப் பேனலின் மேல்விளிம்பு அண்டைகொடுத்துத் தாங்கும். வழக்கமான கனமுள்ள பேனல் அதைச் செய்யும். என் ஒல்லி பேனலுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டுப் பார்த்தேன், போனது. இரண்டாக மடித்து விட்டேன், அதுவும் போனது. குழாய் கழன்றால் சேஃப்டி நடுவழியில் சிக்கிக்கொள்ளும். இருக்கிற குழாய் இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லா ஒல்லி பேனலும் இப்படி என்றும் சொல்லமாட்டேன், சிலவற்றில் மேல்விளிம்பைக் கனமாகவே விட்டிருக்கிறார்கள். என்னுடையதில் இல்லை, கழற்றிவிட்டேன்.

எட்டாத விரலுக்கு மருந்து வேறிடத்தில் இருந்தது. ட்ரிக்கர் எவ்வளவு தூரம் என்பது பிடியின் பின்முதுகிலிருந்து ட்ரிக்கர் முகம் வரைக்குமான கணக்கு. பக்கப் பேனலை ஒல்லியாக்கினால் அதில் கொஞ்சம்தான் மிச்சமாகும். 1920களில் 1911-ஐத் திருத்தி 1911ஏ1 என்ற மாடலாக்கியபோதே இந்தக் குறையைப் பார்த்து, ட்ரிக்கரைக் குட்டையாக்கி, அதன் பின்னால் ஃபிரேமையும் பிறைபோல வெட்டினார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் தீர்த்துவைத்த சங்கதி. நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் குட்டை ட்ரிக்கர் ஒன்று போடச்சொன்னேன், அதைத் தெரிந்த கைதான் போட்டது. விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதை இப்போது ட்ரிக்கரின் நடுவில் படிகிறது.

நாலாவது, சாதாரணக் கனத்தில் மைக்கார்ட்டா. கான்வாஸ் துணியை ஃபினாலிக் பிசினில் அடுக்கி அழுத்திய பொருள். மெருகில்லாத ரகம், ஆழம் குறைந்த செதுக்கல். காய்ந்த கையில் தொட்டால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஜி10-க்குப் பிறகு கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வியர்த்த கையில்தான் அதன் சுபாவம் தெரிந்தது. கான்வாஸ் இழை ஈரத்தில் லேசாக நிமிர்ந்து, கை ஈரமாக ஆகப் பிடி இறுகியது. ஒரே நாளில் 300 ரவுண்டு சுட்டும் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் சேஃப்டிக்கான பள்ளம், இடப்பக்கம் மேகசின் பட்டனுக்குப் பின்னால் கட்டைவிரல் இறங்க ஒரு சரிவு, இரண்டும் வெட்டியே வந்தன. காகிதச் சோதனையில் பிளஞ்சர் ட்யூபிடம் காகிதம் நுழையவில்லை.

குறை இல்லாமலில்லை. வாங்கும்போது வெளிர் பழுப்பாக இருந்தது, ஒன்றரை வருடத்தில் கை எண்ணெய் குடித்து இடப்பக்கம் கட்டைவிரல் படுமிடத்தில் கரும்பழுப்பாகத் திட்டு விழுந்துவிட்டது. எனக்குப் பிடித்திருக்கிறது, புதுசு மாதிரியே இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. சால்வென்ட் போட்டுத் துடைத்தால் வெளுத்துத் தெரிகிறது, ஒரு மாதம் கையில் புழங்கினால் பழையபடி ஆகிறது.

ரப்பர் பற்றிக் கேட்பார்கள். நண்பரின் துப்பாக்கியில் பிடித்துச் சுட்டிருக்கிறேன், உதை மென்மையாகத் தெரிகிறது. ஆனால் சட்டை அதில் ஒட்டிக்கொண்டு மேலேறுகிறது. வீட்டிலும் ரேஞ்சிலும் மட்டும் வைத்திருந்தால் தாராளமாகப் போடலாம்.

ஸ்க்ரூக்களையும் மாற்றிவிட்டேன். பழைய ஒற்றைப் பள்ளத் தலையில் திருப்புளி நழுவி பேனலில் கோடு கிழித்திருக்கிறது. இப்போது நட்சத்திரத் தலை. ஒவ்வொரு தலைக்கடியிலும் ஒரு சின்ன ரப்பர் வளையம், லாக்கர் இல்லை. விரலால் இறுக்கிய பிறகு திருப்புளியால் கால் சுற்று, அதோடு சரி. மூன்று ஸ்க்ரூ அசையவில்லை. வலப்பக்கம் கீழே இருப்பது, முன்பு கீறல் போட்ட அதே இடம், 400 ரவுண்டுக்கு ஒருமுறை ஒரு முடியளவு இளகுகிறது. வளையத்தை மாற்றிப் பார்த்தேன், ஸ்க்ரூவை மாற்றிப் பார்த்தேன், இன்னும் பிடி கொடுக்கவில்லை. அடுத்து புஷ்ஷிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த ‘டிக்’ சத்தம் மறுபடி கேட்கும்வரை எனக்கு மூச்சு வராது என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.