பென்டிரைவா, ஹார்ட்டிஸ்கா, கூகுள் டிரைவா? கடைக் கணக்கின் நகலை எங்கே வைப்பது

மார்ச் கடைசி வாரம். ஈரோட்டில் ஒரு துணிக்கடை. முதலாளி கல்லாவுக்குள் கைவிட்டு, சாவிக்கொத்தில் கோத்திருந்த பென்டிரைவைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "எல்லாம் இதுல இருக்குதுங்க." முந்தின நாள் கம்ப்யூட்டரின் ஹார்ட்டிஸ்க் நின்றுபோயிருந்தது. புதிது போட்டாயிற்று, கணக்கு எழுதும் மென்பொருளான டாலியும் ஏற்றியாயிற்று. பேக்கப்பை, அதாவது எடுத்துவைத்த கணக்கின் நகலை, உள்ளே இறக்குவதுதான் பாக்கி. செருகினேன். டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. அவர் என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து, "ஓகே குடுத்துருங்க" என்றார்.

கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், உள்ளே மிச்சமிருந்ததைத் தேடி எடுப்பது இன்னும் கடினமாகியிருக்கும். கொடுக்காமலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஜி.எஸ்.டி தளத்தில் ஏற்றியிருந்த கணக்கிலிருந்து பிப்ரவரி வரையிலான விற்பனையின் மொத்தத் தொகைகள் வந்தன. மார்ச் மாதத்தை பில் புத்தகத்தின் கார்பன் தாளைப் பார்த்துத் தட்டினோம். ஆனால் யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது எந்தத் தளத்திலும் இல்லை. அதை முதலாளி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். நினைவுக்கு வராதவர்கள் அந்த வருஷம் அதிர்ஷ்டக்காரர்கள்.

ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நகல் வைக்கும் விஷயத்தில் எல்லாரும் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: பென்டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க், கூகுள் டிரைவ். எது சிறந்தது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, ராத்திரி ஷட்டரை இறக்கும் நேரத்தில் இதைச் செய்யப்போவது யார் என்பதுதான். பில் போடும் பெண்ணா, முதலாளியின் மகனா, யாருமே இல்லையா? விடை அதைப் பொறுத்து மாறும்.

பென்டிரைவ்

நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். சின்னக் கடையின் டாலி பேக்கப் பத்து எம்.பி.யோ நாற்பது எம்.பி.யோ இருக்கும், கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் இது ஜெயிக்கிறது. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தினமும் எடுக்கிற பென்டிரைவ் பேக்கப், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற உயர்ந்த பேக்கப்பைவிட எவ்வளவோ மேல்.

குறை மூன்று இடத்தில் வரும். முதலாவது, அது சாகும்போது சொல்லிக்கொண்டு சாகாது. ஹார்ட்டிஸ்க் சில சமயம் கடகடவென்று சத்தம் போட்டாவது எச்சரிக்கும். பென்டிரைவ் நேற்று வேலை செய்தது, இன்று இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது, டிரைவின் எழுத்து. டாலியில் பேக்கப் போகவேண்டிய இடம் 'ஈ' டிரைவ் என்று கொடுத்திருப்பார்கள். ஒருநாள் வேறு துளையில் செருகியதும் அது 'எஃப்' ஆகிவிடும். திரையில் வரும் பிழையைப் படிக்காமல் எஸ்கேப் அடித்துவிட்டு, பேக்கப் எடுத்தாயிற்று என்று வீட்டுக்குப் போவார்கள். இப்படி நாலு மாதம் 'எடுத்த' ஒரு கடையைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுவது. ஒரே ஃபோல்டரில் தினமும் முந்தின நாள் பேக்கப்பின் மேலேயே எழுதுவது. கம்ப்யூட்டரில் கணக்கு கெட்டுப்போன அன்று, அந்தக் கெட்ட கணக்கே போய் நேற்றைய நல்ல கணக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மருந்து காசில்லாதது: திங்கள், செவ்வாய் என்று வாரத்துக்கு ஏழு ஃபோல்டர், மாதக் கடைசிக்குத் தனியாக ஒன்று. புதன்கிழமை நடந்த தவறு வெள்ளிக்கிழமை தெரிந்தாலும் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பலாம். இந்த ஏழு ஃபோல்டர் பழக்கம் மூன்று வழிக்கும் பொருந்தும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்

வெறும் கணக்கு மட்டும் வைத்திருக்கும் கடைக்கு இது கொசுவுக்கு பீரங்கி. ஆனால் போட்டோ ஸ்டூடியோ, ஃபிளெக்ஸ் அச்சகம், எம்ப்ராய்டரி டிசைன் போடுபவர்கள் என்றால் வேறு வழியே கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முகூர்த்த மாதத்தில் ஸ்டூடியோவில் 200 ஜி.பி. படம் சேர்ந்துவிட்டது. விநாடிக்கு 10 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்.பி.) ஏற்றும் லைனில் அதை மேலே அனுப்ப, இடையில் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால், 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். யு.எஸ்.பி. 3 ஹார்ட்டிஸ்கில் விநாடிக்கு 100 எம்.பி. என்று வைத்தால் அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இதிலும் இரண்டு பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று, எப்போதும் சொருகியே வைத்திருப்பது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாகிரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், கம்ப்யூட்டரில் இருப்பதை மட்டும் பூட்டுவதில்லை. அந்த நேரம் சொருகியிருக்கும் ஹார்ட்டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். ஆகவே நகல் எடுக்கும் நேரம் மட்டும் சொருகி, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். சொருகியே கிடப்பது கம்ப்யூட்டரின் இன்னொரு உறுப்புதான், நகல் ஆகாது.

இன்னொன்று, கழற்றியதை அதே மேஜையின் டிராயரில் வைப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் புகுந்த கடைகளை நினைத்துப் பாருங்கள். மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்கும் டிராயரில் இருந்த ஹார்ட்டிஸ்குக்கும் தண்ணீருக்குத் தெரிந்த வித்தியாசம் ஒரு முழம் உயரம்தான். தீயும் அப்படியே, திருடனும் அப்படியே. வீட்டுக்கு எடுத்துப்போனால்தான் இதற்குப் பயன். ஸ்டூடியோக்காரர் ஒருவர் இரண்டு வாங்கி, ஒன்று வீட்டில், ஒன்று கடையில் என்று சனிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்கிறார். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்குக்கு இது கிட்டத்தட்ட ஒத்துவருகிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளி இடத்தில். படத்தைத் தொலைத்தால் கல்யாண வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கமுடியாது. அந்தப் பயம்தான் இந்தத் தொழில்காரர்களை முதலில் ஒழுங்குபடுத்தியது போல.

இன்னொரு சின்ன விஷயம். சுற்றும் தட்டு உள்ள ஹார்ட்டிஸ்கை, விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே போட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி. வகை அடி தாங்கும், விலை கூடுதல். ஆனால் அதைக் கரண்டே காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டிவைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் தகவல் மெல்லக் கரையக்கூடியது. நீண்ட நாள் பூட்டிவைக்கத் தட்டு உள்ளதே போதும்.

கூகுள் டிரைவ்

தீ, திருட்டு, தண்ணீர் மூன்றையும் ஒரே அடியில் தாண்டுவது இது ஒன்றுதான். 15 ஜி.பி. வரை இலவசம். நாற்பது எம்.பி. கணக்கு சுமாரான லைனிலும் அரை நிமிஷத்தில் போய்விடும். கடை எரிந்தாலும் வேறு ஊரில் உட்கார்ந்து திறக்கலாம். காகிதத்தில் பார்த்தால் மற்ற இரண்டும் இதன் பக்கத்திலேயே வரமுடியாது.

ஆனால் நான் அதிகம் ஓடித் திரிந்ததும் இதற்காகத்தான். காரணம் தொழில்நுட்பம் இல்லை, அந்தக் கணக்கு யார் பேரில் இருக்கிறது என்பது.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போட்ட பையன் கெட்டிக்காரன். அவனே ஒரு ஜிமெயில் திறந்து, தினமும் பேக்கப் ஏற்றி, ஃபோல்டர்களுக்குத் தேதிகூடப் போட்டு வைத்திருந்தான். நல்ல பையன், நல்ல சம்பளம் கிடைத்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டான். கடையில் கம்ப்யூட்டர் மாற்றிய அன்று ஜிமெயில் உள்ளே விடவில்லை. ஓ.டி.பி. அவன் பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பரை அவன் விட்டுப் பல மாதம் ஆகிறது. முதலாளி என்னிடம், "ஏனுங்க, நம்ம கணக்கு நமக்கே தரமாட்டானுங்களா?" என்று கேட்டார். கூகுளுக்கு எது 'நம்ம' என்று எப்படித் தெரியும்? பாஸ்வேர்டும் போனும் வைத்திருப்பவன்தான் அதற்கு முதலாளி.

அதனால் இதைத் தேர்ந்தெடுத்தால் இப்படிச் செய்யுங்கள். கடைக்கென்று தனி ஜிமெயில். மீட்பு நம்பர் முதலாளியுடையது. பாஸ்வேர்டோடு போனிலும் உறுதிசெய்யக் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டதும் கூகுள் பத்து எட்டிலக்க மாற்று எண்களைத் தரும். அதை அச்சடித்து, பத்திரம் வைக்கும் பீரோவில் வையுங்கள். போன் தொலைந்தாலும் அந்தத் தாள் கதவைத் திறக்கும். தனி ஜிமெயில் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. அந்த 15 ஜி.பி. டிரைவுக்கு மட்டும் இல்லை. மெயில், போட்டோ எல்லாம் அதற்குள்தான். 2024 முதல் ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் விழுகிறது. முதலாளியின் சொந்தக் கணக்கென்றால் காலை வணக்கப் படங்களே ஆறு மாதத்தில் இடத்தை அடைத்துவிடும். நிரம்பினால் பேக்கப் ஏறாது, மெயிலும் வராது. இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. திறந்து வைத்துவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் இல்லை இது.

'கம்ப்யூட்டரில் சிங்க் போட்டுவிட்டால் தானாகவே போய்விடுமே' என்பார்கள். கம்ப்யூட்டரின் ஒரு ஃபோல்டரையும் கூகுள் டிரைவையும் எப்போதும் ஒரேமாதிரி வைத்திருக்கும் ஏற்பாடுதான் சிங்க். போகும். கம்ப்யூட்டரில் அழித்தால் அங்கேயும் அழியும், வைரஸ் பூட்டினால் பூட்டிய பிரதியே மேலே போய் உட்காரும். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பழைய பதிப்புகளும் ஏறக்குறைய அவ்வளவு நாள் கிடைக்கும் என்பது ஆறுதல். ஆனால் டாலியின் டேட்டா ஃபோல்டரை, அதாவது 10000, 10001 என்று எண்ணில் பேர் இருக்குமே, அதையே நேரடியாக சிங்க் ஃபோல்டரில் வைத்து வேலை செய்யாதீர்கள். டாலி எழுதிக்கொண்டிருக்கும்போதே சிங்க் அதை இழுக்கப் பார்க்கும்; கணக்கு குழம்பும். டாலி ப்ரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தி, பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் கோப்பை மட்டும் மேலே அனுப்புங்கள்.

'நான் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன் சார்' என்பவர்களும் உண்டு. ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. போன் மாற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

செலவில் மூன்றுமே பெரிய தொகை இல்லை. பென்டிரைவ் ஒரு சட்டைத்துணி விலை. ஹார்ட்டிஸ்க் ஐயாயிரத்தை ஒட்டி. கூகுளில் இலவச இடம் போதாதவர்கள் மாதம் நூற்றுச் சொச்சம் கட்டினால் 100 ஜி.பி. கிடைக்கும். ஆகவே விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதை வைத்து எடுங்கள்.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மூன்றும் கைகொடுக்கும். வேகத்தில் பென்டிரைவும் ஹார்ட்டிஸ்கும் முந்தும். தவறுதலாக ஒரு மாதக் கணக்கை அழித்துவிட்டால் ஏழு ஃபோல்டர்காரர் பிழைப்பார், எந்தச் சாதனமானாலும். வைரஸுக்கு, கழற்றி வைத்த ஹார்ட்டிஸ்கே முதல். கையால் ஏற்றிய கூகுள் டிரைவ் அடுத்து. சிங்க் போட்டது கடைசி. வெள்ளம், தீ என்றால் கூகுள்தான். வீட்டுக்குப் போய்வரும் ஹார்ட்டிஸ்குக்கும் பாதி மதிப்பெண் கொடுக்கலாம், அன்றைக்கு அது வீட்டில் இருந்திருந்தால். கைதவறிப் போவதில் பென்டிரைவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸில் விட்டால் வாடிக்கையாளர் போன் நம்பர், கடன் பாக்கி எல்லாம் எடுத்தவர் கையில். கோப்பைச் சுருக்கும் மென்பொருளான 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி வைக்கலாம். ஆனால் அந்த பாஸ்வேர்டு மறந்தால் நீங்களும் பஸ்ஸில் எடுத்தவரும் ஒன்று.

நீண்ட காலம் என்ற கோணமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கென்றால் 2030 டிசம்பர் முடியும் வரை. இதற்கு பென்டிரைவை நான் நம்பமாட்டேன். ஒவ்வொரு வருஷமும் கணக்கு முடித்ததும் ஒரு பேக்கப்பை கூகுளிலும் ஹார்ட்டிஸ்கிலும் போட்டு, முக்கியப் பேரேடுகளை பி.டி.எஃப். ஆகவும் எடுத்துவைக்கிறேன். டாலி இல்லாத இடத்திலும் பி.டி.எஃப். திறக்கும்.

நான் சொல்வது: சின்னக் கடையென்றால் தினசரிக்கு பென்டிரைவ், வாரம் ஒருமுறை கூகுள். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் வாரக் கடைசி வேலை நழுவும், அதனால் கூகுள் வேலையை முதலாளி வீட்டில் யாராவது எடுத்துக்கொள்வது நல்லது. படம், டிசைன் சேர்பவர்களுக்கு இரண்டு ஹார்ட்டிஸ்க். கணக்கு மட்டும் கூகுளில்.

எதை எடுத்தாலும் மாதம் ஒருமுறை திருப்பி இறக்கிப் பாருங்கள். அதே இடத்தில் இறக்கினால் இன்றைய கணக்கின் மேல் பழையது ஏறிவிடும். 'டி' டிரைவில் சோதனை என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் இறக்கவேண்டும். கடைசி பில் எண், ரொக்கக் கையிருப்பு, இரண்டு கடன்காரர் பாக்கி. நாலையும் தாளோடு ஒத்துப்பார்த்தால் போதும், ஐந்து நிமிஷம்.

அந்தத் துணிக்கடையில் இப்போது பில் போடும் பெண் எட்டேமுக்காலுக்கு பென்டிரைவில் எடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மகள் வீட்டிலிருந்து கூகுளில் ஏற்றுகிறாள். போன மாதம் சோதனைக்கு இறக்கியபோது கடைசி பில் எண் சரியாக நின்றது, கடன் பாக்கியும் சரி. கையிருப்பு மட்டும் தாளில் எழுதியதோடு 340 ரூபாய் இடித்தது. முதலாளி பென்டிரைவைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பெண் மெதுவாக, "அன்னைக்கு டீ, போண்டா வாங்குனத நான் கம்ப்யூட்டர்ல ஏத்தலைங்க" என்றாள்.