யூத அருங்காட்சியகத்தில் மக்களோடு வேலை: வார்சாவா, பெர்லினா, மான்செஸ்டரா?

அருங்காட்சியக வேலை என்றதும் பழைய பொருளைத் துடைத்து, பட்டியல் போட்டு, கண்ணாடிக்குள் வைப்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இன்னொரு பிரிவும் இருக்கிறது. வாசலுக்கு வெளியே இருக்கிறவர்களை உள்ளே வரவழைப்பது, வந்தவர்களைப் பேச வைப்பது, போனவர்கள் மறுபடி வரும்படி ஏதாவது செய்வது. சமூக ஈடுபாடு, பொது நிகழ்ச்சிகள் என்று இதற்குப் பெயர் வைத்திருப்பார்கள். யூத அருங்காட்சியகங்களில் இந்த வேலை ரொம்பக் கடினம், ஏனென்றால் ஐரோப்பாவின் பல ஊர்களில் அந்தச் சமூகமே இப்போது இல்லை. கொன்றுவிட்டார்கள், மிஞ்சியவர்களில் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அப்படியானால் யாரோடு ஈடுபடுவது?

இந்தக் கேள்விக்கு மூன்று ஊர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. இந்தத் துறைக்கு வர நினைக்கிறவர்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். என் ஓட்டு மான்செஸ்டருக்கு, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் வார்சாவை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் நிற்பது வார்சாவின் முரானூவ் பகுதியில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ இருந்த அதே மண்ணில். அங்கே அடைபட்ட யூதர்கள் நாஜிகளுக்கு எதிராக ஆயுதம் எடுத்த கெட்டோ எழுச்சியின் 70ஆம் ஆண்டான 2013 ஏப்ரல் 19 அன்று கட்டடத்தைத் திறந்தார்கள், ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லும் நிரந்தரக் காட்சி 2014 அக்டோபரில் வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கட்டடம் திறப்பதற்கு முன்பே அவர்கள் மக்களோடு வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பது. க்வோஸ்ஜெட்ஸ் என்ற ஊரில், அது இப்போது உக்ரைனில் இருக்கிறது, யூதர்களின் 17ஆம் நூற்றாண்டு மரத் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது, உட்கூரை முழுக்க ஓவியங்கள். அது அழிந்துபோனது. அதன் கூரையை மறுபடி உருவாக்கி அருங்காட்சியகத்தில் வைக்க முடிவு செய்தபோது, ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தம் கொடுத்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பழங்காலப் பொருட்களைக் கையாலேயே மறுபடி செய்யும் அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டுடியோவோடு சேர்ந்து 2011, 2012 ஆண்டுகளில் போலந்தின் எட்டு ஊர்களில் பட்டறைகள் நடத்தினார்கள். சானோக்கில் மரச்சட்டத்தை அந்தக் காலத்துக் கைக்கருவிகளாலேயே இழைத்தார்கள், மற்ற ஊர்களில் ஓவியங்களைத் தீட்டினார்கள், அதில் பெரும்பாலும் பழைய தொழுகைக்கூடக் கட்டடங்களில் வைத்தே. மாணவர்களும் தன்னார்வலர்களுமாக 300 பேருக்கு மேல் கை வைத்த கூரை அது. தன் கையால் ஒரு பலகையை இழைத்த போலந்து மாணவருக்கு அந்தக் கூரையோடு ஏற்படும் உறவை எந்த உரையாலும் எந்தக் கண்காட்சியாலும் தர முடியாது. இந்தத் துறையில் நான் அறிந்தவற்றில் இதைவிட நல்ல வேலை இல்லை.

அப்புறம் சக்கரத்தில் போகும் அருங்காட்சியகம். 2014 முதல் சிறு ஊர்களுக்கு ஒரு நடமாடும் காட்சியை அனுப்புகிறார்கள். ஒருகாலத்தில் பாதி ஊரே யூதர்களாக இருந்து இன்று ஒருவரும் இல்லாத ஊர்கள் அதில் உண்டு. வண்டி தனியாக வருவதில்லை, உள்ளூர் ஆசிரியர், நூலகர், பழைய கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர், இப்படி ஆட்களோடு சேர்ந்துதான் நடைப்பயணமும் பட்டறையும் ஏற்பாடாகும். யூதர் இல்லாத ஊரில் யூத வரலாற்றைப் பார்த்துக்கொள்ளப் போவது இந்த ஆட்கள்தான், வார்சாவிலிருந்து வரும் நிபுணர் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்.

மூன்றாவது, ஏப்ரல் 19 அன்று நகரம் முழுக்க நடக்கும் டாஃபடில் இயக்கம். கெட்டோ எழுச்சியின் தளபதிகளில் கடைசியாக உயிரோடு இருந்தவர் மாரெக் எடெல்மன், 2009இல் இறந்தார். அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் யாரோ பெயர் சொல்லாமல் மஞ்சள் டாஃபடில் பூக்களை அனுப்புவார்கள், அவர் அவற்றைக் கொண்டுபோய் எழுச்சி நினைவுச்சின்னத்தில் வைப்பார். அதை வைத்து 2013இல் காகித டாஃபடில்களைத் தெருவில் கொடுக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் காகிதப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டால் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் போலத் தெரியும். கட்டாயத்தின் பேரில் யூதர்கள் அணிய நேர்ந்த அந்த வடிவத்தை இன்று வார்சா நகரத்தார் தாங்களாகவே மார்பில் குத்திக்கொள்வதில் இருக்கும் அர்த்தம் பெரியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூ வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இடையே நடப்பது அரை நிமிடப் பேச்சு. பரப்பு அதிகம், ஆழம் குறைவு. கூரை இழைத்தவர்கள் 300 பேர்தான், ஆனாலும் நான் கூரைப் பக்கம்தான் நிற்பேன்.

வார்சாவின் பெரிய சிக்கல் மேலே இருக்கிறது. கலாச்சார அமைச்சகம், வார்சா நகராட்சி, யூத வரலாற்று நிறுவனச் சங்கம் மூன்றும் சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. 1968 மார்ச்சில் நடந்த யூத எதிர்ப்புப் பிரச்சாரத்தையும், அதனால் பதின்மூன்றாயிரம் பேர் அளவில் நாட்டைவிட்டு வெளியேறியதையும் பற்றி 2018இல் ஒரு காட்சி வைத்தார்கள். அதில் அன்றைய வசைகளுக்குப் பக்கத்தில் இன்றைய வசைகளையும் வைத்தார்கள். ஆளும் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. இயக்குநர் டாரியுஷ் ஸ்டோலா 2019இல் முறையான போட்டியில் மறுபடி தேர்வானபோதும் அமைச்சர் பியோத்ர் க்ளின்ஸ்கி நியமன ஆணை தரவில்லை. கடைசியில் 2020இல் ஸ்டோலா விலகிக்கொண்டார். நிகழ்ச்சிப் பிரிவில் வேலை செய்கிறவருக்கு இது தள்ளி நடக்கும் அரசியல் கிடையாது. அடுத்த ஆண்டு எந்தத் தலைப்பில் கூட்டம் வைக்கலாம் என்பது அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும்.

பெர்லின் வேறு விதம். அங்குள்ள யூத அருங்காட்சியகத்துக்குக் கட்டடக் கலைஞர் லீபெஸ்கிண்ட் வடிவமைத்த கட்டடத்துக்கு உலகம் முழுக்கப் பெயர், சுற்றுலாப் பயணிகள் தாங்களாகவே வருகிறார்கள், அதனால் ஆட்களை வரவழைப்பது அங்கே பிரச்சினையாக இல்லை. வந்தவர்கள் என்ன கேள்வியோடு வருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. 2013இல் அவர்கள் வைத்த 'முழு உண்மை' காட்சி பார்வையாளர்களின் கேள்விகளை வைத்தே கட்டப்பட்டது. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் யூதர் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்குப் பதில் சொன்னார். பெரிய சர்ச்சை ஆனது. ஜெர்மனியில், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளா என்று யூத சமூகத்திலிருந்தே கோபம் வந்தது. ஏற்பாட்டாளர்களின் வாதமும் பொய்யில்லை, பெரும்பாலான ஜெர்மானியர்கள் ஒரு யூதரோடு பேசியதே கிடையாது, அந்தச் சங்கடத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டினோம் என்றார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. பெட்டியில் உட்கார்ந்தவர் பதில் சொல்லும் இடத்திலேயே இருக்கிறார், கேட்பவர் தன்னைப் பற்றி எதையும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து எதையும் செய்வதில்லை.

பெர்லினில் எனக்குப் பிடித்தவை சத்தமில்லாமல் நடப்பவை. 2007 முதல் ஒரு குழு வண்டியில் ஜெர்மனியின் பல மாநிலங்களுக்குப் போய்ப் பள்ளிகளில் வகுப்பு எடுக்கிறது. 2012இல் எதிர்ச்சாரியில் இருந்த பழைய மொத்தப் பூச்சந்தைக் கூடத்தில் ஒரு அகாடமி தொடங்கி, குடிபெயர்ந்து வந்தவர்களையும் முஸ்லிம்களையும் உரையாடலுக்குள் கொண்டுவந்தார்கள். அதே கூடத்தில் 2021இல் அனோஹா என்ற குழந்தைகள் அருங்காட்சியகம் வந்தது, நோவாவின் பேழையை வைத்து. வட்டமான பெரிய மரப்பேழை, அதற்குள் பழைய சாமான்களைக்கொண்டு கலைஞர்கள் செய்த நூற்றைம்பது அளவில் விலங்குகள். திட்டமிடும்போதே குழந்தைகளின் ஆலோசனைக் குழு ஒன்றையும் வைத்துக்கொண்டார்கள். வெள்ளத்துக்கு முன் யாரைக் காப்பாற்றுவது, எல்லோரும் எப்படி ஒரே கப்பலில் இருப்பது என்ற கதை யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பொது என்பதால் பெர்லினின் எந்தக் குடும்பமும் அந்நியமாக உணராமல் உள்ளே வரலாம். சரியான தேர்வு.

அங்கேயும் மேலிடத்து அரசியல் உண்டு. இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கத்தைப் பற்றிய ஜெர்மன் நாடாளுமன்றத் தீர்மானத்தை விமர்சித்த அறிஞர்களைப் பற்றி வந்த ஒரு கட்டுரையை அருங்காட்சியகத்தின் ட்விட்டர் கணக்கு படிக்கும்படி பரிந்துரைத்தது, அதில் எழுந்த புயலில் இயக்குநர் பீட்டர் ஷேஃபர் 2019 ஜூனில் பதவி விலகினார். ஒரே ஒரு ட்வீட். பொது நிகழ்ச்சிப் பிரிவுக்கு வர விரும்புகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

சரி, மான்செஸ்டர். மேலே சொன்ன இரண்டோடும் அளவில் ஒப்பிடவே முடியாத சிறிய இடம். சீட்டம் ஹில் சாலையில் 1874இல் கட்டிய ஸ்பானிய, போர்ச்சுகீசிய யூதர்களின் தொழுகைக்கூடம். துணி வியாபாரத்துக்காக வந்து தங்கிய குடும்பங்கள் அதில் நிறைய. பிறகு யூதக் குடும்பங்கள் நகரின் வடக்கே தள்ளித் தள்ளிப் போய்விட, கூடம் காலியாகி, 1984இல் அருங்காட்சியகம் ஆனது. விரிவாக்கிப் புதுப்பித்து 2021 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். இன்று அந்தச் சாலையில் பாகிஸ்தான் வழிவந்த குடும்பங்கள் நிறைய இருக்கிறார்கள், வேறு பல நாடுகளிலிருந்து வந்தவர்களும். ஆக அருங்காட்சியகத்தின் சமூகம் ஒரு பக்கம், அக்கம்பக்கம் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் அது சொந்தமாக வேண்டும்.

அவர்கள் செய்தது, ஒரு சமையலறை கட்டினார்கள். விளம்பரத்துக்கு இல்லை, பாடம் நடத்துவதற்கு. பள்ளிப் பிள்ளைகள் வந்து மாவு பிசைந்து, யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சபாத்துக்கான ஹல்லா என்ற பின்னல் ரொட்டி செய்கிறார்கள். ஈஸ்ட் போட்ட மாவு பொங்க நேரம் எடுக்கும், ரொட்டி வேகவும் நேரம் எடுக்கும், காத்திருக்கும் அந்த நேரத்தில் கை சும்மா இருக்க வாய் பேசும். உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் கேட்டால் அதற்கும் பதில் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், இங்கே இரண்டு பக்கமும் கேட்கலாம், இரண்டு பக்கமும் சொல்லலாம். உணவகத்தையும் சைவமாக வைத்திருக்கிறார்கள். யூதர்களின் உணவு விதியான கோஷர்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, முஸ்லிம்களுக்கு ஹலால் வேண்டும், இந்துக்களில் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். சைவம் என்று வைத்துவிட்டால் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரலாம். ஒரு சமையலறை முடிவு பத்துக் கருத்தரங்கு செய்யாததைச் செய்கிறது.

2021 மான்செஸ்டர் சர்வதேச விழாவுக்கு லோர் ப்ரூவோ என்ற கலைஞர் அங்கே ஒரு படைப்பைச் செய்தபோது, அருங்காட்சியகத்தின் பெண்கள் துணிக்கலைக் குழுவோடு சேர்ந்து செய்தார். வைத்த இடம் பழைய தொழுகைக்கூடத்தில் பெண்கள் தனியாக உட்காரும் மாடம். வாராவாரம் ஊசியும் நூலுமாகக் கூடுகிற ஒரு குழு இருந்ததால்தான் கலைஞர் வந்தபோது அதில் பங்கெடுக்க ஆட்கள் இருந்தார்கள். விழாவுக்காகத் திரட்டிய கூட்டம் விழா முடிந்ததும் கலைந்துவிடும்.

நியூயார்க்கில் எல்ட்ரிட்ஜ் தெரு அருங்காட்சியகமும் இதே வகை. 1887ஆம் ஆண்டுத் தொழுகைக்கூடம், சுற்றிலும் இன்று சைனாடவுன். ஆண்டுக்கு ஒருமுறை யூத, சீன, போர்ட்டோ ரிக்கோ சமூகங்கள் மூன்றும் சேர்ந்து தெருவிலேயே விழா எடுக்கிறார்கள், பெயரே எக் ரோல்ஸ், எக் கிரீம்ஸ், எம்பனாடாஸ் என்று மூன்று வீட்டுத் தின்பண்டமும் பானமும். ஒரு பக்கம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசை, இன்னொரு பக்கம் சீன இசை. மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டை ஆடுவதற்கு யூதப் பாட்டிகளும் வருவார்கள், சீனப் பாட்டிகளும் வருவார்கள்.

பணத்தையும் பாதுகாப்பையும் பேசாமல் விட முடியாது. சிறிய இடங்களின் பெரிய பலவீனம் பணம். லண்டன் யூத அருங்காட்சியகம் 2023இல் கேம்டன் கட்டடத்தை மூடிவிட்டு, சொந்தச் சுவர் இல்லாமல் பள்ளிகளோடு வேலையைத் தொடர்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சமகால யூத அருங்காட்சியகம் 2024 டிசம்பரில் கதவடைத்தது, பெரிய நகரத்துப் பெரிய பெயர் என்பதெல்லாம் உதவவில்லை. இந்தக் கணக்கில் அரசுப் பணம் பின்னால் நிற்கும் வார்சாவும் பெர்லினும் பல மடங்கு பத்திரம், மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் இதைத் தள்ளிவிட முடியாது.

பாதுகாப்பு இன்னும் வேதனையானது. 2014 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் யூத அருங்காட்சியகத்தில் ஒருவன் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் வாஷிங்டனில் யூத அருங்காட்சியகத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த இரண்டு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு அக்டோபர் 2, யூதர்களின் மிகப் புனிதமான நாளான யோம் கிப்பூர் அன்று, மான்செஸ்டரிலேயே ஹீட்டன் பார்க் தொழுகைக்கூடம் தாக்கப்பட்டது. பெர்லினில் விமான நிலையம் போலச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள், அது தேவை. ஆனால் அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி நினைத்தபோது டீ குடிக்க எட்டிப்பார்க்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதும் இந்த வேலையின் உயிர். இரண்டுக்கும் நடுவில் தினமும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும், அதை மூன்று ஊர்களில் எதுவும் முழுதாகத் தீர்த்துவிடவில்லை. மான்செஸ்டரில் அது இன்னும் கடினமாகிவிட்டது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர்களின் வேலையே திறந்த கதவை நம்பியது.

இத்தனைக்குப் பிறகும் என் தேர்வு மாறவில்லை. பெரிய அளவில், ஒரு நாட்டின் பள்ளிகளையே தொட வேண்டும் என்ற ஆசை உள்ளவர் வார்சாவைப் பார்க்கட்டும், சிறு ஊர்களுக்குப் போகும் அந்த வண்டிக் குழுவில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறவருக்கு அனோஹா. ஆட்களை முகம் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்த வாரமும் அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில் வேலை செய்ய நினைக்கிறவருக்கு மான்செஸ்டர் மாதிரி ஒரு தெருவோர இடம்தான். எங்கே நேர்காணலுக்குப் போனாலும், போன ஆண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள், நடந்து வரும் தூரத்தில் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் நீங்கள் கேளுங்கள்.