மொறிஸ் மைனரும் அதன் இடது சிக்னலும்: ஆறு வருடம் ஓடிய பிறகு

கல்முனையில் ஒரு மொறிஸ் மைனர், அந்தப் பழைய இங்கிலாந்துக் கார், விலைக்கு நிற்கிறது, எடுக்கலாமா மச்சான் என்று போன கிழமை கூட்டாளி ஒருவன் கோல் எடுத்துக் கேட்டான். அவன் கேட்ட நேரம் நான் டோர்ச்சும் கையுமாக என் மைனரின் பின் மட்காட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, இடது சிக்னல் லைற்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "எடுக்காத" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும்.

என்னுடையது 1965 ஆம் ஆண்டு வண்டி. எஞ்சினைப் பற்றியோ கியரைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு வருடத்தில் ஒரு நாளும் நடுத்தெருவில் விட்டதில்லை. இடது சிக்னல் மட்டும் என் உயிரை எடுத்துவிட்டது.

வலது பக்கம் போட்டால் டிக், டிக் என்று ஒழுங்காக மினுங்கும். இடது பக்கம் போட்டால் யோசித்து யோசித்து ஒரு தரம் எரியும், பிறகு மங்கலாக அப்படியே நிற்கும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இடது கைக்குத் திரும்பும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பொடியன் மயிரிழையில் தப்பினான். அவனில் பிழை இல்லை, நான் போட்ட சிக்னல் அவனுக்குத் தெரியவே இல்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கராஜில் கொடுத்தேன். சிக்னலை மினுங்க வைக்கும் பிளாஷர் போய்விட்டது என்று மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே கதை, திரும்பவும் ஒரு பிளாஷர். மூன்றாம் முறை புது மாதிரி எலக்ட்ரோனிக் பிளாஷர் ஒன்றைப் பூட்டினார்கள், அது ஒரு தரம்கூட மினுங்கவில்லை, பழைய மாதிரியையே திரும்பப் பூட்ட வேண்டியதாயிற்று. என் வண்டியில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், பூட்டியிருக்கிறது. இந்தக் காலத்து வண்டிகளுக்குச் செய்த பிளாஷருக்கு அது தலைகீழ். வேலை செய்தவர் கெட்டவர் இல்லை, கையும் சுத்தம். ஆனால் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும்: இரண்டு பக்கத்துக்கும் பிளாஷர் ஒன்றுதான். வலது ஒழுங்காக மினுங்குகிறது என்றால் பிளாஷரில் என்ன பிழை இருக்க முடியும்?

பழைய பிளாஷர் சூட்டில் வேலை செய்வது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி நீள, தொடுப்பு ஒட்டும், லைற் எரியும். ஆற, விடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என 21 வாட் பல்ப் இரண்டும் முழுக் கரண்டையும் இழுத்தால்தான் கம்பி நேரத்துக்குச் சூடாகும். எங்கேயாவது கரண்ட் தடைப்பட்டால் மினுங்கல் சோர்ந்துவிடும். எல்ஈடி பல்ப் போட்டால் மினுங்காததும் இதனால்தான், அது இழுக்கும் கரண்ட் போதாது.

கடைசியில் குட்டை உடைத்தது பிறேக். ஒரு பின்னேரம் வண்டியை மதிலோடு நிறுத்திப் பிறேக்கை மிதித்தேன். போடாத இடது சிக்னல் மதிலில் மங்கலாக எரிந்தது. பின் லைற் கூட்டுக்குள் பிறேக் பல்புக்கும் சிக்னல் பல்புக்கும் எர்த், கரண்ட் பொடிக்குத் திரும்பும் வழி, ஒன்றுதான். அது அறுந்தால் பிறேக்கின் கரண்ட் வழி தேடிச் சிக்னல் பல்புக்குள்ளால் போகும். ஒரு வயரை எடுத்து லைற் கூட்டையும் பொடியின் நல்ல இரும்பையும் தொடுத்துப் பிடித்தேன். சிக்னல் பளிச்சென்று மினுங்கியது. மூன்று பிளாஷர் வாங்கிய மனிசனுக்கு அந்த நேரம் சந்தோசமா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை.

கழற்றிப் பார்த்தால் கூட்டைப் பொடியோடு பிடிக்கும் ஆணி முழுக்கக் கறல். டிக்கிக்குள் வயர்கள் சேரும் இடத்தில், பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பு நகத்தால் சுரண்ட வந்தது. இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று எந்த வெள்ளி, பித்தளையைத்தான் விட்டது? உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ரைச் சுரண்டி, கூட்டிலிருந்து பொடிக்குத் தனியாக ஒரு கறுத்த வயர் இழுத்து, வாசலின் பூசி முறுக்கினேன். செலவு ஒரு பிளாஷரின் விலைக்குக் கிட்டவும் வராது.

ஆனால் ஒவ்வொரு மார்கழி மழைக்கும் இன்னொரு குமிழ் களிம்பு பிடிக்கிறது. போன கிழமை கழற்றியதும் அதற்குத்தான். இதற்கு முடிவே இல்லை.

சிக்னல் தடியின் நுனியில் ஒரு சின்னப் பச்சை லைற் இருக்கிறது. இரவில் அரசடியால் திரும்பும்போது அது கைக்குக் கிட்ட மினுங்குவதைப் பார்த்தால், எந்தப் புது வண்டியும் எனக்கு வேண்டாம் என்றிருக்கும். என்றாலும் கூட்டாளிக்குச் சொன்னதை மாற்ற மாட்டேன். எடுக்காத. அதையும் மீறி எடுக்கத்தான் போகிறாய் என்றால், காசு கொடுக்க முதல் இருட்டும் வரை நில். ஒருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ச் சிக்னல் இரண்டையும் பார்.