வாசற்கதவுக்கு எந்தப் பூட்டு? தொங்குபூட்டு முதல் விரல்ரேகைப் பூட்டு வரை ஓர் ஒப்பீடு

வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் ஊருக்குப் போகவிருப்பவர் வன்பொருள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை லீவர்?" என்பதுதான். கடைக்காரரும் ஏழு, எட்டு என்று எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போவார். கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது கள்ளச்சாவியைப் பற்றிய கேள்வி. பூட்டிய வீட்டில் திருட்டு நடந்தால் நம் செய்தித்தாள்கள் "பூட்டை உடைத்து" என்றுதான் எழுதுகின்றன. "பூட்டைத் திறந்து" என்று அரிதாகவே படிக்கிறோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் தொங்குபூட்டு, பெட்டிப்பூட்டு, மார்ட்டைஸ் பூட்டு, விரல்ரேகைப் பூட்டு ஆகிய நான்கு வகைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: கடப்பாரையோடு வரும் ஒருவனுக்குச் சில நிமிட நேரம் கிடைத்தால் இந்தப் பூட்டும், அது உட்கார்ந்திருக்கும் மரமும் என்ன ஆகும்?

லீவர் பூட்டின் உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டின் நாக்கு நகர வழி பிறக்கும். உயரம் சற்றுக் குறைந்தாலும் கூடினாலும் நகராது. சாவி நுழையும் பகுதி தனிச் சிலிண்டராக இருக்கும் சிலிண்டர் பூட்டில் இந்த வேலையைச் சுருள்வில் தாங்கிய சிறு ஊசிகள் செய்கின்றன. குழி குழியாகத் தோண்டிய தட்டைச் சாவியைக் கடையில் "கம்ப்யூட்டர் சாவி" என்பார்கள். அதில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, ஊசிகளின் வரிசை மட்டும் கூடுதல். தகடும் ஊசியும் பெருகினால் வேறொரு சாவி பொருந்தும் வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான். சிலிண்டர்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1303, சாவி சார்ந்த பாதுகாப்பை ஒரு தரவரிசையாகவும், துளைத்தும் உடைத்தும் தாக்கினால் தாங்கும் வலுவை இன்னொரு தரவரிசையாகவும் பிரித்தே குறிப்பிடுகிறது. 1851இல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், அதுவரை யாராலும் திறக்க முடியாதிருந்த பிராமா பூட்டைச் சாவியின்றித் திறந்து காட்டினார். அதற்குப் பதினாறு நாள்களில் பரவிய 51 மணி நேரம் அவருக்குத் தேவைப்பட்டது. பூட்டிய வீட்டுக்கு வருகிறவனுக்கு அத்தனை பொறுமை கிடையாது.

முதலில் தொங்குபூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்த வகையின் பெருமை. மாங்காய்ப் பூட்டின் கனத்தைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரியும். ஆனால் பூட்டு தொங்குவது கொண்டியில். கொண்டியை மரத்தோடு பிடித்திருப்பவை நான்கு சிறு திருகாணிகள். எங்கள் தெருவில் உடைக்கப்பட்ட ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தபோது, பூட்டு சிறு கீறலும் இல்லாமல், பூட்டிய நிலையிலேயே, பெயர்ந்த கொண்டியோடு திண்ணையில் கிடந்தது. பூட்டுச் செய்தவர் மேல் குறை சொல்ல முடியாது; தச்சர் அரையங்குலத் திருகாணியோடு வேலையை முடித்திருந்தார்.

தொங்குபூட்டையே தொடர விரும்புகிறவர், பூட்டை மாற்றுவதற்கு முன், கதவின் குறுக்கே நகரும் பெரிய தாழ்ப்பாளான ஆல்டிராப்பையும் நாதாங்கியையும் மாற்ற வேண்டும். கனமான தகட்டில் செய்த ஆல்டிராப்பைக் கதவின் ஊடே துளையிட்டு, வெளியே உருண்டைத் தலையும் உள்ளே நட்டுமாக வரும் கேரியேஜ் போல்ட்டால் முறுக்கினால், அதை வெளியிலிருந்து நெம்பிப் பெயர்ப்பது மிகவும் கடினமாகிவிடும். பூட்டின் வளையம் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறதோ அவ்வளவு நல்லது; நீண்ட வளையம் வெட்டுக் கத்தரிக்குத் தோதாக வாயைத் திறந்து கொடுக்கிறது. இத்தனை செய்த பிறகும் தொங்குபூட்டின் தீராத குறை ஒன்று எஞ்சும்: வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அது சொல்லிவிடுகிறது. போடாத கோலமும் எடுக்காத பால் பாக்கெட்டும் சொல்லுகிற அதே செய்திதான் இதுவும்.

நைட் லாட்ச் என்று கடையில் சொல்லப்படும் பெட்டிப்பூட்டு கதவின் உள்முகத்தில் திருகி வைக்கப்படுவது. வெளியே சிலிண்டரின் முகம் மட்டுமே தெரியும் என்பதால், வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கதவைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொங்குபூட்டோடு ஒப்பிட்டால் எனக்கு இந்த ஒரு காரணமே இதைத் தேர்ந்தெடுக்கப் போதும். இதில் கவனிக்க வேண்டியது நாக்கு. கதவைச் சாத்தியதும் தானாக விழும் சாய்ந்த முனை கொண்ட நாக்கு வசதிக்கானது. கதவுக்கும் நிலைக்கும் இடையில் சந்து இருந்தால் ஒரு பிளாஸ்டிக் அட்டை அதைத் தள்ளிவிடக்கூடும். அதிகாலையில் கோலம் போட வெளியே வந்தவரை, காற்று கதவைச் சாத்தித் தெருவில் நிறுத்துவதும் அதே நாக்குதான். சாவியைச் சுற்றும்போது வெளிவரும் சதுர நாக்கே பூட்டு என்ற பெயருக்கு உரியது. அத்தகைய நாக்கு மூன்று கொண்ட பெட்டிப்பூட்டுகள் ஏறத்தாழ 1,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பழைய கதவைச் செதுக்காமல், தச்சர் அரை நாளில் பொருத்திவிடக்கூடியவை.

இவற்றில் உட்பக்கம் குமிழ் உள்ளது ஒரு வகை, இரு பக்கமும் சாவி கேட்பது மற்றொரு வகை. கதவை ஒட்டிக் கண்ணாடியோ கைநுழையும் கம்பிச் சன்னலோ இருந்தால் குமிழை வெளியிலிருந்தே எட்டித் திருகிவிடலாம் என்பதால் இரண்டாவது வகையைப் பலர் வாங்குகிறார்கள். ஆனால் இரவில் அடுப்படியில் தீப்பிடித்தால் இருட்டில் சாவியைத் தேடும் நிலைமை வரும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் குமிழ் வகையை வைத்துவிட்டு, சன்னலுக்கு நெருக்கமான வலைக் கம்பி அடிப்பதே சரி என்பது என் கருத்து.

மார்ட்டைஸ் பூட்டு கதவின் கனத்துக்குள்ளேயே குழி வெட்டிப் புதைக்கப்படுவது. கைப்பிடியோடு சேர்த்து அழகாக இருக்கும், நாக்கு கதவின் நடுக்கனத்திலிருந்து புறப்படுவதால் நெம்புவதற்குப் பெட்டியும் கிடையாது, கொண்டியும் கிடையாது. நாற்பது மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குக் கதவில் இது மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஒட்டுப்பலகை முகம் கொண்ட மெல்லிய பிளஷ் கதவில் நிலைமை தலைகீழ்: பூட்டுக்காக வெட்டிய குழியே கதவின் மிகப் பலவீனமான இடமாகிவிடுகிறது. பிளஷ் கதவின் உள்ளே பூட்டுப் பொருத்துவதற்கென்று கனமரம் வைத்திருக்கும் இடத்தைத் தவிர்த்து வேறிடத்தில் தச்சர் குழி வெட்டிவிட்டால் அதைவிட மோசம்.

சிலிண்டரின் நீளத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். சிலிண்டரைப் பூட்டோடு பிடித்திருக்கும் நடுத்திருகாணி நுழையும் துளையிருக்கும் இடத்தில்தான் சிலிண்டரின் உலோகம் மிக மெல்லியதாக இருக்கும். கைப்பிடித் தகட்டைத் தாண்டி அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இடுக்கியால் பிடித்து அந்த இடத்தில் ஒடித்துவிடலாம். ஆகவே கடைக்குப் போகுமுன், நடுத்திருகாணியிலிருந்து கதவின் வெளிமுகத் தகடு வரைக்கும் உள்முகத் தகடு வரைக்கும் தனித்தனியே அளந்து, இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். "எல்லாத்துக்கும் இதே அளவுதாங்க" என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போகலாம்.

இரட்டைக் கதவு உள்ள பழைய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. பூட்டு எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அதன் நாக்கு போய் நுழைவது நிலையில் அன்று, மற்றொரு கதவில். அந்த மற்றொரு கதவை மேலும் கீழும் நிறுத்தியிருப்பவை இரண்டு டவர் போல்ட்டுகள். மேல் போல்ட் துரு ஏறி எட்டாமல் போய், கீழ்போல்ட் ஒன்று மட்டும் குழியில் பாதி இறங்கி நிற்பதே பல வீடுகளின் நடைமுறை. ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு கதவும் பூட்டோடு சேர்ந்து திறந்துகொள்ளும். இத்தகைய வாசலில் 6,000 ரூபாய்ப் பூட்டுக்கு முன்னால், பித்தளையில் நீளமான இரண்டு டவர் போல்ட்டும், தரையில் ஆழமாக ஒரு குழியும் வேண்டும்.

விரல்ரேகைப் பூட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு கேள்விகள் கலந்துவிடுகின்றன. அதன் உட்பகுதி பெரும்பாலும் மார்ட்டைஸ் பூட்டே. நாக்கும் குழியும் அதேதான். எனவே கடப்பாரைக்கு எதிராக அது கூடுதல் வலு எதையும் கொண்டுவருவதில்லை. அது தீர்ப்பது சாவிச் சிக்கலை. சாவியைத் தொலைக்கும் பிள்ளைகள், நான்கு பேருக்கு நான்கு சாவி கொடுக்க வேண்டிய குடும்பம், வீட்டு வேலைக்கு வருபவருக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறந்துகொடுக்கும் எண், யார் எப்போது வந்தார் என்ற பதிவு: இவை வேண்டியவருக்கு 8,000 ரூபாயிலிருந்து 30,000 வரை கொடுப்பது வீண் செலவன்று. மின்சாரம் போனாலும் மின்கலத்தில் ஓடும். மின்கலமும் தீர்ந்தால், வெளியே உள்ள முனையில் ஒன்பது வோல்ட் மின்கலத்தைத் தொட்டுவைத்தோ, பவர் பேங்கைச் செருகியோ திறக்கும் வசதி பெரும்பாலான பூட்டுகளில் உண்டு. எண்ணை அழுத்தும்போது முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்து அழுத்த இடம் தரும் வகையை வாங்கினால், தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவர் குழம்பிப்போவார்.

குறைகளும் நம் ஊருக்கே உரியவை. பாத்திரம் தேய்த்தும் வயலில் உழைத்தும் ரேகை மழுங்கிய பெரியவர்களின் விரலை இந்தப் பூட்டு பலமுறை ஏற்காது; "என் வீட்டுக் கதவே என்னைத் தெரியலைன்னு சொல்லுது" என்று என் அத்தை அலுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு உப்பிக்கொள்ளும்போது நாக்கும் குழியும் நேராக நில்லாமல் போகும். சாவிப் பூட்டென்றால் கதவைத் தோளால் அழுத்திக்கொண்டு திருகுவோம். மோட்டார் வைத்த பூட்டு திணறி, மின்கலத்தைத் தின்று, கடைசியில் திறந்தபடியே நின்றுவிடக்கூடும். அவசரத்துக்கென்று ஒரு சாவித்துளையும் இவற்றில் இருக்கும். அந்தச் சிறு சிலிண்டர் மலிவானதாக இருந்தால், முகப்பிலுள்ள விரல்ரேகை நுட்பம் முழுவதும் அந்தத் துளையின் தரத்துக்கு இறங்கிவிடும். வாங்குமுன் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

நான்கு வகைக்கும் பொதுவானது நிலை. நாக்கு புகும் தகட்டோடு பெட்டியில் வரும் திருகாணிகள் பெரும்பாலும் முக்கால் அங்குலமே இருக்கும். கதவை உதைக்கும்போது பூட்டு உடைவதைவிட, நிலைச்சட்டத்தின் விளிம்பு பிளந்து தகடு பிடுங்கிக்கொண்டு வருவதே மிகுதி. நம் வீடுகளின் மரநிலை நான்கைந்து அங்குல அகலமுள்ளது. அதில் இரண்டங்குலத் திருகாணி இறங்கத் தாராளமாக இடமுண்டு. சிறு துளையிட்டு, நீளமான தகட்டை வைத்து, இரண்டங்குலத் திருகாணி ஆறு போட்டால், 500 ரூபாய்க்குள் முடியும் இந்த வேலை பூட்டை இரு மடங்கு விலைக்கு மாற்றுவதைவிடப் பயன் தரும். வெளியே இரும்புக் கிரில் கேட் இருப்பவர்கள் அதன் கீலையும் பார்க்க வேண்டும். குடுமியில் உட்கார்ந்திருக்கும் கேட்டைப் பூட்டோடு சேர்த்து மேலே தூக்கிக் கழற்றிவிட முடியும். கீலுக்கு மேல் ஒரு சிறு இரும்புத் துண்டைப் பற்றவைத்தால் முடியாது.

இனி யாருக்கு எது? அடுக்ககத்தில் புதிதாக வீடு வாங்கியவருக்கு, இருக்கும் மார்ட்டைஸ் பூட்டே போதும். ஆனால் மின்பணியாளரிலிருந்து வண்ணம் பூசியவர் வரை பலர் கையில் சாவி இருந்திருக்கும் என்பதால், குடியேறும் நாளில் சிலிண்டரை மட்டும் மாற்றிவிட வேண்டும். வாடகை வீட்டிலிருப்பவரும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு இதையே செய்யலாம். பழைய சிலிண்டரைப் பத்திரப்படுத்தி, காலி செய்யும்போது திரும்பப் பொருத்திவிட்டுப் போகலாம். தனி வீட்டில் பெற்றோர் இருவர் மட்டும் இருந்தால், மூன்று நாக்குப் பெட்டிப்பூட்டும், உட்பக்கம் குமிழும், கிரில் கேட்டுக்கு உட்புறமாகக் கைவிட்டுப் பூட்டும்படி ஒரு தொங்குபூட்டும். விரல்ரேகைப் பூட்டை நான் பரிந்துரைப்பது, வேலைக்குப் போகும் இருவரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள அடுக்கக வீட்டுக்கு. மழைச்சாரல் அடிக்கும் தெருவாசலுக்கு அன்று.

கொல்லைக் கதவை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்வாசலில் தேக்கும் பித்தளையுமாகச் செலவழித்தவர்கள், பின்புறம் உளுத்த பிளஷ் கதவையும் ஒற்றைத் தாழ்ப்பாளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே சாவியே தேவையில்லை, ஏனெனில் அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க வேண்டிய அவசியம் நமக்கு வருவதில்லை. கதவின் இரு பக்கமும் சுவரில் போல்ட் அடித்து இறுக்கிய இரண்டு இரும்புக் கொக்கிகளும், அவற்றில் படுக்கையாக விழும் ஒரு வேங்கைக் கட்டையும் போதும். கோட்டை வாயில்களில் கணையமரம் என்று இருந்த அதே ஏற்பாடு. தச்சர் முன்கதவுக்கு வந்திருக்கும் அன்றைக்கே இதையும் செய்து வாங்கிக்கொண்டால், கூலி தனியாகக் கேட்க மாட்டார்.