ஜிஆர்இ கணிதத்துக்குப் பவர்பிரெப் இலவச மாதிரித் தேர்வுகள்: ஒரு மதிப்பீடு

வெளிநாடுகளில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ நுழைவுத் தேர்வில் கணித மதிப்பெண்ணை உயர்த்த நினைப்பவர்களுக்கு, தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே இணையத்தில் இலவசமாக வழங்கும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். 2023 செப்டம்பரில் தேர்வின் நேரம் குறைக்கப்பட்ட பிறகு, கணிதத்தின் முதல் பிரிவில் 21 நிமிடங்களுக்கு 12 கேள்விகளும், இரண்டாம் பிரிவில் 26 நிமிடங்களுக்கு 15 கேள்விகளும் வருகின்றன. முதல் பிரிவை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ, அதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. அச்சிட்ட வினாத்தாளில் கிடைக்காத இந்த அனுபவம் இங்கே கிடைக்கிறது.

கேள்விகளின் தரம்தான் இதன் பெரும்பலம். பாடத்திட்டம் பள்ளிக் கணிதத்தைத் தாண்டுவதில்லை. முக்கோணவியலோ நுண்கணிதமோ கிடையாது. ஆனாலும் நன்றாகப் படித்தவர்களே இரு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் சறுக்குகிறார்கள். பூஜ்ஜியத்தைவிடப் பெரிய ஓர் எண்ணும் அதன் வர்க்கமும் கொடுக்கப்பட்டு, எது பெரியது என்று கேட்டால், 2, 3 என முழு எண்களை மட்டும் போட்டுப் பார்ப்பவர் வர்க்கமே பெரியது என்று முடிவு செய்துவிடுவார். எண் 1 என்றால் இரண்டும் சமம், அரை என்றால் வர்க்கம் கால்தான், ஆகவே தீர்மானிக்க முடியாது என்பதே சரியான விடை. இத்தகைய பொறிகளைக் கடிகாரம் ஓடும்போது சந்தித்துப் பழகுவது மிகவும் அவசியம். திரையில் உள்ள கால்குலேட்டரையும், கேள்வியைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பும் வசதியையும் இங்கேயே பழகிக்கொள்ளலாம்.

இலவசத் தேர்வுகளில் விடை விளக்கங்கள் இல்லாதது உண்மையிலேயே ஒரு குறை. தவறிய கேள்விகளை நேரக் கட்டுப்பாடின்றி மறுபடி போட்டுப் பார்த்து, கருத்து புரியாததால் தவறியதா, கேள்வியைச் சரியாக வாசிக்காததால் தவறியதா, நேரம் போதாமல் தவறியதா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிவைத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். முதல் வகைக்கு, அதே நிறுவனம் இலவசமாகத் தரும் கணித மீள்பார்வைத் தொகுப்பு பெரிதும் உதவும்.

இரண்டையும் அடுத்தடுத்து எழுதித் தீர்த்துவிட வேண்டாம். ஒன்றைத் தயாரிப்பின் தொடக்கத்திலும், மற்றதைத் தேர்வு நெருங்கும்போதும் எழுதுவதே நல்லது. பார்த்த கேள்விகளையே மறுபடி போட்டு வாங்கும் மதிப்பெண் நம் உண்மையான நிலையைக் காட்டாது. விளக்கங்களோடு கூடிய பவர்பிரெப் பிளஸ் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு. தவறுகளின் காரணத்தைத் தாமாகக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் மட்டும் அதை வாங்கினால் போதும்.