ஒரே பெயர், இரண்டு ஊர்: கொல்நாகோ சி68-உம் வி4ஆர்எஸ்-உம்

இத்தாலிய சைக்கிள் நிறுவனமான கொல்நாகோ 2022-இல் கார்பன் ஃபைபர் ஃப்ரேம் கொண்ட இரண்டு ரோடு சைக்கிள்களைக் கொண்டுவந்தது. சி68 இத்தாலியில் செய்யப்படுவது. வி4ஆர்எஸ் ஆசியத் தொழிற்சாலையில் வார்க்கப்படுவது. விலை அதிகம் சி68-க்குத்தான். 2024-இல் ஸ்லோவேனிய வீரர் தாதே பொகாச்சார் ஜிரோ டி இத்தாலியா, டூர் டி பிரான்ஸ் பந்தயங்கள் இரண்டையும் வென்றதோ வி4ஆர்எஸ்-இல்.

எடையிலும் இத்தாலிக்காரர் பின்தங்குகிறார். வி4ஆர்எஸ் ஃப்ரேம் சுமார் 800 கிராம். சி68 தொள்ளாயிரத்தைத் தாண்டும். காரணம் கட்டும் விதம். சி68-இன் ஃப்ரேம் தனித்தனித் துண்டுகளாக வார்த்து ஒட்டப்படுகிறது. ஒட்டும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கார்பன் எடையாகச் சேர்கிறது. ஒட்டுவதும் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் மணிக்கணக்கான கைவேலை. இத்தாலியில் அந்தக் கூலி சும்மா வராது. வி4ஆர்எஸ் மோனோகாக், அதாவது ஒரே உடலாக வார்க்கும் வகை. அதில் ஒவ்வொரு ஃப்ரேம் அளவுக்கும் ஒரு அச்சு வேண்டும், அச்சுக்கான செலவு பெரிது. நிறைய எண்ணிக்கையில் செய்தால்தான் அது கட்டுப்படியாகும். ஜெயன்ட், மெரிடா என்ற சைக்கிள் நிறுவனங்கள் இரண்டும் 1972-இல் தொடங்கிய தைவானில் அந்த அனுபவம் ஊறிப்போயிருக்கிறது. ஆகவே ‘ஆசியா என்றால் மட்டம்’ என்ற பேச்சு கார்பன் ஃப்ரேமில் எடுபடாது.

விலையில் வரிக்கும் பங்குண்டு. சீனாவில் செய்த சைக்கிளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 48.5% வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் வந்து குவியும் இறக்குமதிக்கான கூடுதல் வரி) போடுகிறது. தைவானுக்கு அது இல்லை. ஐரோப்பாவுக்கான வண்டிகள் கம்போடியாவிலும் போர்ச்சுகலிலும் தயாராவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் 2023 பட்ஜெட் முழு சைக்கிளின் சுங்க வரியை 30-இலிருந்து 35 சதவீதமாக்கியது. கடை விலைச்சீட்டில் நாம் பார்ப்பது தரம் மட்டுமல்ல.

ஸ்டிக்கரையும் கவனமாகப் படிக்க வேண்டும். ‘டிசைன்ட் இன்’, ‘அசெம்பிள்டு இன்’, ‘மேட் இன்’ மூன்றும் வேறு வேறு. ஆசியாவில் வார்த்து ஐரோப்பாவில் பெயிண்ட் அடிக்கும் ஃப்ரேம்கள் சந்தையில் உண்டு. கியர் பாகங்களிலும் இதே கதைதான்: ஷிமானோ ஜப்பான் நிறுவனம், ஆனால் சிங்கப்பூர், மலேசியா, சீனாவிலும் அதற்குச் சொந்த ஆலைகள் இருக்கின்றன. மலேசியா என்று அச்சிட்ட ஷிமானோ 105 வகை டீரெய்லரை (செயினை கியர் மாற்றும் பாகத்தை) பார்த்து போலியோ என்று முகம் சுளிக்கத் தேவையில்லை.

எந்த நாட்டு ஃப்ரேமானாலும் கோளாறு வருவது இணையும் இடங்களில்தான். பெடல் அச்சு சுழலும் பேரிங் இருக்கும் பாட்டம் பிராக்கெட்டை முதலில் பாருங்கள். மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் பிபி86 வகை என்றால் துளையின் விட்டம் 41 மி.மீ. உள்விட்ட காலிப்பரை மூன்று கோணத்தில் வைத்து அளந்தால் அளவு மாறக்கூடாது. துளை முட்டை வடிவமாகவோ இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லாமலோ இருந்தால், மிதிக்கும்போது பேரிங்கைத் தாங்கும் கப் நகர்ந்து ‘கிறீச்’ என்று கத்தும், பேரிங்கும் சீக்கிரம் போகும். கிரீஸ் போட்டால் ஒரு வாரம் அடங்கும், அவ்வளவுதான். சி68, வி4ஆர்எஸ் இரண்டிலும் இருப்பது மரையுள்ள டி47. அந்த வகையில் தலைவலி குறைவு.

பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியிருக்கும்போதே எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். வார்க்கும்போது உள்ளிருந்து அழுத்தும் பை நழுவினால், பிழிந்த துணி போல கார்பனில் மடிப்பு விழும். பின்சக்கரத்துக்குப் போகும் குழாயான செயின்ஸ்டே தொடங்கும் இடத்தில் அப்படித் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்து, சக்கரத்தை ஃப்ரேமோடு பிணைக்கும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில்: விரலால் திருப்பியே கடைசி வரை போக வேண்டும். பாதியில் இறுகினால் அச்சு அமரும் டிராப்அவுட் கோணலாக இருக்கலாம்.

டிஸ்க் பிரேக் பொருந்தும் பரப்பில் பெயிண்ட் படிந்திருப்பது, பெயிண்ட் வேலைக்குப் பேர்போன விலையுயர்ந்த ஃப்ரேம்களிலும் நடக்கும். பிரேக் காலிப்பர் சாய்ந்து உட்கார்ந்து ரோட்டர் (பிரேக் தட்டு) உரசும். எத்தனை முறை சரிசெய்தாலும் உரசல் திரும்பி வரும். பரப்பைச் சமன்செய்யும் ஃபேசிங் டூலால் பெயிண்டை மட்டும் சீவினால் போதும். கார்பனைத் தொடக்கூடாது.

பந்தயத்துக்கும் மலையேற்றத்துக்கும் வி4ஆர்எஸ் போதும், போதுமென்ன, அதுதான் சரி. சி68-இல் கூடுதலாகக் கொடுப்பது கைவேலைக்கும் பெயிண்டுக்கும். அதில் ஆசை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம், வேகம் கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.