பெருமந்தத்தின் பழி யார் மீது? ஃபிரீட்மன்–ஷ்வார்ட்ஸ் நூல் மதிப்புரை

பொருளியலாளர்கள் மில்டன் ஃபிரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் இணைந்து எழுதி 1963-இல் வெளிவந்த, 1867 முதல் 1960 வரையிலான அமெரிக்கப் பணவியல் வரலாறு, 800 பக்கங்களைத் தாண்டும் கனத்த நூல். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே களைத்துப்போவார்கள். பெருமந்தம் எனப்படும் 1929–33 பொருளாதாரச் சரிவைப் பேசும் ஏழாம் இயலிலிருந்து தொடங்குவதே நல்லது. அவ்வியல் தனிநூலாகவும் வந்துள்ளது.

முதலீடும் நுகர்வும் சுருங்கி மொத்தத் தேவை வீழ்ந்ததே பெருமந்தத்தின் காரணம் என்றும், வட்டி தாழ்ந்துகிடந்த நிலையில் மைய வங்கியால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்றும் கெயின்சியர்கள் (பொருளியலாளர் கெயின்ஸின் வழிவந்தவர்கள்) கூறிவந்தனர். இந்நூல் அதை நேரடியாக மறுக்கிறது. பண அளிப்பு (மக்களிடமுள்ள ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை) மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியதை அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதே ஆசிரியர்களின் குற்றச்சாட்டு. 1930 டிசம்பரில் நியூயார்க்கின் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் (பெயர்தான் அப்படி, தனியார் வங்கியேதான்) மூடப்பட்டதையும், 1931 செப்டம்பரில் பிரிட்டன் நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்த பொன் திட்டத்தைக் கைவிட்டதும் தங்கம் வெளியேறாமலிருக்க ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளையான நியூயார்க் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை அக்டோபரில் இரண்டே தவணைகளில் 1.5 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாக ஏற்றியதையும் விவரிக்கும் பக்கங்களில் வாதம் உச்சத்தைத் தொடுகிறது. வங்கிகள் வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தபோது இப்படிச் செய்ததற்குச் சமாதானம் சொல்வது கடினம். அரசுப் பத்திரங்களின் வட்டி தாழ்ந்திருந்ததைப் பணம் தாராளமாக இருந்ததற்கு அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்பதும் வலுவான வாதமே. ரொக்கத்துக்காக வங்கிகள் விற்றுத்தள்ளிய தரங்குறைந்த நிறுவனப் பத்திரங்களின் வட்டி அப்போது ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால், எது காரணம், எது விளைவு என்ற கேள்வியில் நூல் தன் ஆதாரத்தை மீறிப் பேசுகிறது என்றே கருதுகிறேன். உற்பத்தி 1929 ஆகஸ்ட் முதலே சரியத் தொடங்கியது. வங்கி முறிவுகளின் முதல் அலையோ 1930 இலையுதிர்காலத்தில்தான் எழுந்தது. மைய வங்கியின் நேரடிக் கட்டுப்பாட்டிலிருந்த அடிப்படைப் பணம் (புழக்கத்திலுள்ள ரொக்கமும் வங்கிகளின் இருப்பும்) இக்காலத்தில் குறையவில்லை, கூடியது என்பதைப் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் சுட்டிக்காட்டினார். மக்கள் வைப்புகளை ரொக்கமாக மாற்ற, இருப்பை இழந்த வங்கிகள் கடனைக் குறைத்ததால்தான் மொத்தப் பணம் சுருங்கியது. அந்த ரொக்கத் தேவையை ஈடுகட்டும் அளவுக்கு மைய வங்கி பத்திரங்களை வாங்கியிருக்க வேண்டும் என்ற ஆசிரியர்களின் பதில், சாதாரணச் சரிவு பெருமந்தமாக முற்றியதை விளக்குகிறதே தவிர, சரிவு தொடங்கியதை விளக்கவில்லை. 1976-இல் பொருளியல் வரலாற்றாளர் பீட்டர் டெமின் எழுதிய மறுப்பு இந்த இடைவெளியைத்தான் பற்றிக்கொண்டது. நுகர்வு தானாகவே வீழ்ந்தது என்ற அவருடைய விளக்கமும் முழுமையானதல்ல எனினும், இவ்வியலைப் படித்த கையோடு அதையும் படிக்கலாம்.

அடிக்குறிப்புகள் சில இடங்களில் பக்கத்தின் பாதியை விழுங்குகின்றன. பொறுமை உள்ளவர்களுக்கு அங்கேதான் நல்ல சரக்கு இருக்கிறது.